மஃபின் உட்கார்ந்த மடி

மாரிசெல்வியின் பைக்குள் ஒரு எவர்சில்வர் தட்டு இருந்தது. தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், காதுகுத்துப் பத்திரிகை. வரும் ஞாயிற்றுக்கிழமை மகனுக்குக் காது குத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். தாய்மாமன் பிரம்மநாயகமோ வாஷியில் ஃபிளாட் வாங்கிப் போனதிலிருந்து தாராவிப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. போனில் கேட்டதற்கு, "நேர்ல பேசுவோம் செல்வி. ஃபேமிலியா போட்டிங் போலாம், வா" என்றான்.

ஃபேமிலி என்றால் அவனும் நாயும். மனைவிக்கு வெயில் ஆகாது.

நாயின் பெயர் மஃபின். அதற்கென்றே அளவெடுத்து ஒரு லைஃப் ஜாக்கெட், முதுகில் கைப்பிடியோடு. மூன்று வயது மகன் தமிழ்செல்வனுக்குப் படகுக்காரர் கொடுத்தது பெரியவர்களுடையது. உள்ளே பிள்ளை இருக்கிறானா என்று எட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நேர்த்திக்கு வளர்த்த அவன் முடியை மாரிசெல்வி ரிப்பன் வைத்துக் கட்டியிருந்தாள். அது மட்டும் வெளியே தெரிந்தது.

வாஷியிலிருந்து படகு உப்பங்கழிக்குள் போனது. கன்றுக்குட்டி கனத்தில் மஃபின் அண்ணன் மடியில் ஏறி உட்கார்ந்தது.

"அண்ணே," என்று தட்டை எடுத்து நீட்டினாள்.

"ஒரு நிமிஷம். பேட்டா, உதர் தேக். ஃபிளமிங்கோ!" என்று நாய்க்கு இந்தியில் பறவையைக் காட்டினான்.

பேட்டா பறவையைப் பார்க்கவில்லை, தட்டைப் பார்த்தது. வாழைப்பழம் தோலோடு உள்ளே போனது.

"பாவம், டயட்ல இருக்குல்லா," என்றான் அண்ணன். தட்டை வாங்கவில்லை. அவனுடைய இரண்டு கையும் நாயின் இடுப்பில் இருந்தன.

"ஞாயித்துக்கெழமை நீ வரணும்ண்ணே."

"வர மாட்டேன்னா சொல்லுதேன்? மஃபினை விட்டுட்டு வர முடியாது. கூட்டிட்டும் வர முடியாது. அதுக்கு ஸ்கின் அலர்ஜி. உங்க ஏரியா ஸ்மெல் ஒத்துக்காது. டாக்டரே சொல்லிட்டாரு."

"டாக்டரு தாராவிக்கு வந்து மோந்து பாத்தாரா அத்தான்?" என்றான் அவள் கணவன் சுடலைக்கண்ணன். தாராவியில் தோல் பை பட்டறை வைத்திருப்பவன்.

"மாப்ள, பெர்சனலா எடுத்துக்காதீங்க."

அவனும் கல்யாணம் ஆகும்வரை அதே தாராவிச் சந்தில் கிடந்தவன்தான். அண்ணனுக்குச் சொறி எதுவும் வந்ததாக மாரிசெல்விக்கு ஞாபகம் இல்லை.

"வேற யார் மடியிலயாவது உக்கார வையேன். எல்லாம் ஒரு ஃபார்மாலிட்டிதான."

"வாடகைக்கு அண்ணன் எங்க கெடைக்கும்? நீயே விசாரிச்சுச் சொல்லு."

தண்ணீர் வடிகிறது, திரும்பலாம் என்று படகுக்காரர் மூன்றாவது முறையாக இந்தியில் சொன்னார். அண்ணனுக்கு இன்னும் ஒரு போட்டோ வேண்டியிருந்தது: பின்னால் பறவை, முன்னால் நாய். படகின் அடி சேற்றில் உரசி நின்றது. அப்போதுதான் மஃபின் பறவைகளைப் பார்த்தது. பாய்ந்தது.

ஜாக்கெட் தண்ணீரில் மிதப்பதற்குச் செய்தது. அங்கே தண்ணீர் இல்லை. ஊர்ச் சாக்கடையெல்லாம் வந்து சேரும் கருப்புச் சேறுதான் இருந்தது. மஃபின் வயிறுவரை புதைந்தது, திமிறி எழுந்தது, பிறகு நாலு காலையும் வானத்துக்கு நீட்டி ஆனந்தமாகப் புரண்டது.

"பேட்டா! அலர்ஜி! அலர்ஜி!" என்று அலறினான் பிரம்மநாயகம்.

படகுக்காரர் நீளக் கம்பின் கொக்கியை ஜாக்கெட் கைப்பிடியில் மாட்டி இழுத்துப் படகுக்குள் போட்டார். மஃபின் ஒருமுறை உடம்பை உதறிவிட்டு வழக்கமான இடத்துக்குப் போனது. அண்ணனின் சந்தன நிற அரை டிராயர் கருப்பானது.

"சீ, தள்ளிப் போ சவமே! நாத்தம் புடிச்ச மூதி!"

வாஷிக்குப் போன பிறகு அண்ணன் வாயிலிருந்து அவள் கேட்ட முதல் நல்ல தமிழ். இரண்டு கையாலும் அவன் தள்ளியதில் நாய் சுடலைக்கண்ணன் காலடியில் போய் விழுந்தது. அவன் அதன் காதைச் சொறிந்துவிட்டான்.

"இதெல்லாம் ஒரு நாத்தமா. தோல் குடோனுக்கு வந்து பாருங்க அத்தான்."

"டாக்ஸி கூப்பிடணும்..."

"இந்தக் கோலத்துல உங்களையும் நாயையும் எவன் ஏத்துவான்? என் டெம்போ கரையில நிக்கி."

மாரிசெல்வி அண்ணனின் மடியைப் பார்த்தாள். காலியாக இருந்தது. பிள்ளையை ஜாக்கெட்டிலிருந்து உருவி எடுத்து அதில் உட்கார வைத்தாள். தமிழ்செல்வன் மூக்கைப் பிடித்துக்கொண்டான்.

"மொதல்ல தட்ட வாங்கு. பெறகு டெம்போல போவோம்."

சுற்றிலும் சேறு. தண்ணீர் ஏறாமல் படகு நகராது. பிரம்மநாயகம் தட்டை இரண்டு கையாலும் வாங்கினான்.

"ஞாயித்துக்கெழமை எப்ப வரணும்?"

"காலையில. வரும்போது நல்லா தேச்சுக் குளிச்சிட்டு வாண்ணே," என்றாள் மாரிசெல்வி. "எங்க ஏரியாவுக்கு ஸ்மெல் ஒத்துக்காது."