மணிக்கூண்டு அறை

பிப்ரவரி நான்காம் தேதி காலை பத்து மணிக்குப் பங்குக் கோயில் மணிக்கூண்டின் வடக்குச் சுவரில், விரிசலுக்குக் குறுக்கே மூன்று கண்ணாடித் துண்டுகள் ஒட்டப்பட்டன. ஒவ்வொன்றும் ஒரு விரல் நீளம். ஒட்டியவர் இன்ஜினியர், பங்கைச் சேர்ந்தவர் என்பதால் கூலி வாங்கவில்லை. கோயிலைப் பார்த்துக்கொண்டு மணியடிக்கும் கோயில்பிள்ளை ஏணியைப் பிடித்துக்கொண்டார். பங்குத்தந்தை சிமெண்ட் குழைத்த டப்பாவோடு கீழே நின்றார்.

"சுவர் ஒரு நூல் அசைஞ்சாலும் இது உடைஞ்சிடும் ஃபாதர்," என்றார் இன்ஜினியர், கண்ணாடிகளின் மேல் கறுப்பு மையால் தேதி எழுதிக்கொண்டே. "உடையலைன்னா பழைய விரிசல், விட்டுடலாம். உடைஞ்சா, கீழே ஒரு நாள்கூட யாரும் படுக்கக் கூடாது."

மணிக்கூண்டின் அடியில் இருந்த அறையில்தான் கோயில்பிள்ளையும் அவர் மனைவியும் பதினான்கு வருடமாக இருந்தார்கள். அந்த அம்மா முன்பு கோயில் பெருக்கியவள். ஒரு நாள் பீடத்துக்கு முன்னால் பெருக்கிக்கொண்டிருந்தபோது கூரைக் காரை பெயர்ந்து முதுகில் விழுந்தது. அதற்குப் பிறகு எழுந்து நடக்கவில்லை. அப்போது பங்குத்தந்தையாக இருந்த சாமியார், "நீங்க இருக்கிற வரைக்கும் இந்த ரூம் உங்களுக்குத்தான்" என்று சொன்னார். நஷ்டஈடு என்று கிடைத்தது அந்த வார்த்தைதான். எழுத்தில் ஒன்றும் இல்லை.

"ஒரு மாசத்துக்குக் கண்ணாடி மேல ஒரு கண்ணு இருக்கட்டும் அண்ணே," என்றார் பங்குத்தந்தை.

"ரெண்டு கண்ணும் இருக்கும் சாமி," என்றார் கோயில்பிள்ளை.

ஒரு மாதம் கழித்து இன்ஜினியர் டார்ச்சோடு வந்து பார்த்தார். மூன்றும் அப்படியே இருந்தன. அசைவு இல்லை என்று கடிதம் எழுதிக் கொடுத்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை பங்குப் பேரவை கூடியது. கையில் இருந்த பணம் ஒரு வேலைக்குத்தான் காணும்: ஒன்று மணிக்கூண்டு, இல்லையென்றால் ஒழுகுகிற ஹால் கூரை.

"மணிக்கூண்டை யாராவது கல்யாணத்துக்கு வாடகைக்கு எடுப்பாங்களா ஃபாதர்?" என்றார் பொருளாளர். எல்லோரும் சிரித்தார்கள். ஹால் கூரை என்று முடிவானது. பங்குத்தந்தை கையெழுத்துப் போட்டார். அந்த வாரம் முழுக்க அவர் நன்றாகத் தூங்கினார். நிம்மதியான தூக்கம் அதுதான் கடைசி.

அடுத்த சனிக்கிழமை மாலை அவர், மக்கள் வந்து சொல்லும் பாவங்களைக் கேட்க, பாவசங்கீர்த்தனத் தொட்டியில் உட்கார்ந்திருந்தார். நடுவில் இருந்த வலைக்கு அந்தப் பக்கம் சாவிக்கொத்தைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது. கோயில்பிள்ளைதான் எப்போதும் முதலில் வருவார். முடித்துவிட்டுப் போய் மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டும். அவருடைய பாவங்கள் பங்குத்தந்தைக்கு மனப்பாடம்: பொண்டாட்டி மேல் எரிந்து விழுந்தது, செபத்தில் தூங்கிப்போனது. இந்த முறை அவர் அதில் எதையும் சொல்லவில்லை.

"கண்ணாடி மூணும் நான் ஒட்டினது சாமி."

பங்குத்தந்தைக்கு முதலில் புரியவில்லை.

"ஒன்பதாம் நாளே ஒண்ணு உடைஞ்சிடுச்சு. சிலுவைப்பாதைப் படம் ஒண்ணு விழுந்து உடைஞ்சது கிடந்துச்சு, அதோட கண்ணாடியில வெட்டி ஒட்டினேன். தேதியும் இன்ஜினியர் எழுத்து மாதிரியே போட்டேன். அப்புறம் மத்த ரெண்டும் போச்சு. நான் ஒட்டினதே மறுபடி உடைஞ்சுது."

"மேலே நானூறு கிலோ மணி தொங்குது அண்ணே."

"தெரியும் சாமி. நான்தானே அடிக்கிறேன்."

"நாளைக்குக் காலையில ஆபீசுக்கு வந்து இதையே என்கிட்ட சொல்லுங்க. அதுதான் உங்க பாவத்துக்கு அபராதம்."

"சொன்னா ரூமைப் பூட்டிடுவாங்களே. அவளைத் தூக்கிக்கிட்டு நான் எங்கே போறது?"

ஏதாவது ஏற்பாடு செய்யலாம் என்ற வார்த்தை பங்குத்தந்தையின் நாக்கு நுனி வரை வந்தது. என்ன ஏற்பாடு என்று அவருக்கே தெரியாததால் அங்கேயே நின்றுவிட்டது.

"அப்போ ஏன் என்கிட்ட வந்து சொன்னீங்க?"

"உள்ளேயே வெச்சிருக்க முடியல சாமி. இங்கே சொன்னாத்தானே வெளியே போகாது."

உண்மைதான். வலைக்கு இந்தப் பக்கம் கேட்டதை வெளியே யாரிடமும் சொல்லக் கூடாது, அதை வைத்து எதுவும் செய்யவும் கூடாது. சொன்னவரிடமே கூட, அவராக வாய் திறக்காமல், அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது. குருமடத்தில் படித்தபோது அந்தச் சட்டம் அவருக்கு அழகாகத் தெரிந்திருந்தது.

மறுநாள் காலை கோயில்பிள்ளை ஆபீசுக்கு வந்தார். மேசைக்கு முன்னால் நின்றார். பங்குத்தந்தை பேனாவை மூடி வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"மெழுகுவர்த்தி ரெண்டு கட்டுதான் இருக்கு சாமி."

திங்கட்கிழமை மைக் ஒயர். செவ்வாய்க்கிழமை துடைப்பம். ஒவ்வொரு நாளும் அவர் வந்து நின்றார், ஒவ்வொரு நாளும் வேறெதையோ சொல்லிவிட்டுப் போனார். விடியற்காலை ஐந்தரைக்கு மணி அடிக்கும்போது பங்குத்தந்தை கட்டிலில் எழுந்து உட்கார்ந்து எண்ணினார். ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் வேறு ஏதாவது சத்தம் வருகிறதா என்று காது கொடுத்தார். பகலிலும் அது தொடர்ந்தது. பூசையில் அப்பத்தைப் பிட்கும்போது வரும் சின்ன ஒலிக்கே கை நின்றது. மக்கள் தலைகுனிந்து காத்திருந்தார்கள்.

மாதத்தின் முதல் வெள்ளியன்று அந்த அம்மாவுக்குப் பூசை அப்பத்தை நன்மையாகக் கொடுக்க அறைக்குப் போனார். கட்டில் வடக்குச் சுவரை ஒட்டிக் கிடந்தது. போர்வையின் ஓரத்தில் மெல்லிய மணல் படிந்திருந்தது. நன்மை வாங்கியதும் அவள் அதைக் கையால் தட்டிவிட்டாள்.

"சுவர் துப்புது சாமி. இவரைக் கேட்டா எலிங்கிறார். எலி எங்கேயாவது மணல் திங்குமா?"

இது வலைக்கு வெளியே கேட்ட வார்த்தை. இதைச் சொல்லலாம். பங்குத்தந்தை முற்றத்திலேயே நின்று இன்ஜினியருக்கு போன் செய்தார்.

"கண்ணாடி உடைஞ்சிருக்கா ஃபாதர்?"

பங்குத்தந்தை அண்ணாந்து பார்த்தார். மூன்றும் வெயிலில் மின்னின.

"பார்வைக்கு இல்லை. ஆனா மணல் கொட்டுதுன்னு..."

"பழைய சுண்ணாம்பு, உதிரத்தான் செய்யும். ஆள் பயத்துல ஆயிரம் சொல்வாங்க. கண்ணாடி பொய் சொல்லாது."

அன்று மாலை கோயில்பிள்ளையைக் கூப்பிட்டார். "அம்மா மேல மணல் கொட்டுது அண்ணே. என் வீட்டுல விருந்தாளி ரூம் சும்மாத்தானே கிடக்கு. ரெண்டு பேரும் அங்கே வந்துடுங்க."

கோயில்பிள்ளை தரையைப் பார்த்தார். "நீங்க இருக்கிற வரைக்கும் சரி சாமி. அப்புறம் வர்றவர் என்ன சொல்வார்? வாயால குடுத்த ரூம். ஒரு நாள் காலி பண்ணாலும் திரும்பக் கிடைக்காது."

"நான் எழுதிக் குடுக்கிறேன்."

"கட்டிடம் ஆயரகத்தோடது. நீங்க எழுதினா செல்லுமா சாமி?"

செல்லாது. பங்குத்தந்தை பிஷப்பின் அலுவலகமான ஆயரகத்துக்குக் கடிதம் எழுதினார்: வயதான ஊழியருக்கு நிரந்தர இடம் வேண்டும், மணிக்கூண்டைத் திரும்பவும் சோதிக்க வேண்டும். இன்ஜினியரின் கடிதத்தைச் சுட்டிக்காட்டி, மீண்டும் சோதனை தேவையில்லை என்று ஒரு வரியில் பதில் வந்தது. நிரந்தர இடம் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

மே மாதம் அவருக்கு மாற்றல் உத்தரவு வந்தது. புதிய பங்குத்தந்தை ஒரு வியாழக்கிழமை பொறுப்பேற்க வந்தார். இளையவர், எல்லாவற்றையும் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவர். ஆபீசில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து ஒப்படைப்புப் பட்டியலை நிரப்பினார்கள். கதவருகே கோயில்பிள்ளை சாவிக்கொத்தோடு நின்றிருந்தார். கோயில், வீடு, ஹால், கல்லறைத் தோட்டச் சுவர் என்று ஒவ்வொன்றாக முடிந்தது.

"மணிக்கூண்டு எப்படி இருக்கு?" என்றார் புதியவர்.

பழைய பங்குத்தந்தை கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். கோயில்பிள்ளையின் உதடுகள் அசைந்தன. சத்தம் வரவில்லை.

"இன்ஜினியர் கடிதம் இருக்குதே," என்று புதியவர் கோப்பிலிருந்து அதை எடுத்துப் படித்தார்.

பட்டியலில் மணிக்கூண்டு என்ற வரிக்கு எதிரே, பழைய பங்குத்தந்தை கடிதத்தில் இருந்ததை எழுதினார்: அசைவு இல்லை. அதற்குக் கீழே புதியவர் எழுதினார்: மணிக்கூண்டு அறை, குடியிருப்போர் இருவர், வாடகை இல்லை. இருவரும் கையெழுத்திட்டார்கள்.