லென்ஸைப் பார்த்துப் பேசவும்

1

என் அறையிலிருந்து என்னையே துரத்தியதால் பிறந்த கதை இது. அக்கா வீட்டில் இணையம் விட்டு விட்டு வருமாம். அதனால் நர்சிங் படிப்புக்கான அவள் மகளின் ஆன்லைன் நேர்காணல் என் மேசையில் நடந்தது. அறையில் வேறு ஆள் இருக்கக் கூடாது என்பது விதி. எழுத்தாளனை யாரும் ஆளாக மதிப்பதில்லை என்று சொல்லிப் பார்த்தேன். அக்கா கதவைச் சாத்திவிட்டாள்.

2

கனவுகளைச் சுமந்தபடி அவள் திரையின் முன்…

(வேண்டாம். மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே சாயம் போன நைட் பேண்ட். அப்படித்தான் உட்கார்ந்தாள்.)

வீட்டில் அவளுக்கு உம்மணாமூஞ்சி என்று பெயர். போன வருடமே ஒருமுறை கோட்டை விட்டவள். இதுவும் போனால் சித்தப்பாவின் பாத்திரக் கடையில் பில் போட வேண்டியதுதான் என்று அக்கா கறாராகச் சொல்லியிருந்தாள். அதனால் பயிற்சி மையத்துக்கு அனுப்பினார்கள். [அங்கே கருணை சொல்லித் தருகிறார்கள். வார இறுதி வகுப்பும் உண்டு.] பயிற்சியாளர் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

"திரையில இருக்கிற மூஞ்சியப் பாக்காதம்மா. மேல இருக்கிற லென்ஸப் பாரு. அப்பதான் அவங்க கண்ணப் பாத்துப் பேசுற மாதிரி தெரியும். கண்ணுக்குன்னே தனி மார்க்கு."

அதாவது, எதிரில் இருப்பவரைப் பார்க்காமல் இருந்தால்தான் பார்த்ததற்கு மதிப்பெண். இப்படியொன்றைக் கற்பனை செய்யும் திறமை எனக்குக் கிடையாது.

3

(இனி வருவது அவள் சொன்னது. நான் கதவுக்கு வெளியே இருந்தேன்.)

முதலில் எல்லாக் கேள்விக்கும் லென்ஸையே பார்த்து மளமளவென்று ஒப்பித்தாள். பிறகு நேர்காணல் நடத்திய நர்சிங் ஆசிரியை கேட்டார்: "அடுத்தவங்க கஷ்டத்தை நீங்க எப்படிப் புரிஞ்சுக்குவீங்க?"

பதில் நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் கேட்கும்போதே ஆசிரியையின் குரல் தடுமாறியது. உம்மணாமூஞ்சி கண்ணைக் கீழே இறக்கிப் பார்த்தாள். திரையில் ஆசிரியையின் முகம் வெளுத்து, நெற்றி முழுக்க வியர்வை.

"மேடம், உடம்பு சரியில்லையா? பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

"கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்க."

"சொல்றேன் மேடம். முதல்ல கொஞ்சம் தண்ணி குடிங்க."

ஆசிரியை குடித்தார். அதற்குள் நேரம் முடிந்து திரை அணைந்துவிட்டது.

(ஆசிரியை மயங்கி விழ, இவள் ஆம்புலன்ஸை வரவழைக்க, கல்லூரியே எழுந்து கைதட்ட, என்று ஒரு முடிவு எழுதினேன். கிழித்துப் போட்டேன். நீங்கள் அவ்வளவு ஏமாளி இல்லை.)

4

"போச்சு மாமா" என்றபடி வெளியே வந்தாள்.

"நல்லதுதானே பண்ணின?"

"அதுக்கு மார்க் இல்லையே. பதிலும் சொல்லல, லென்ஸையும் பாக்கல."

அழுதாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார்மீது என்றுதான் தெரியவில்லை.

மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "நீங்க இத எழுதுவீங்கல்ல? கதையிலயாவது எனக்கு சீட்டு குடுத்துருங்க."

கொடுக்கலாம். ஒரு வரிதான் செலவு. ஆனால் கொடுத்தால் நீங்கள் நிம்மதியாக அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள். அதனால் கொடுக்கவில்லை.

5

ஆசிரியையின் நாற்காலியில் இப்போது நீங்கள் உட்காருங்கள். கல்லூரியில் மிச்சம் இருப்பது ஒரே சீட்டு. அடுத்த மாணவர் திரைக்கு வந்துவிட்டார். லென்ஸைப் பார்த்தபடி கருணையைப் பற்றி உருகி உருகிப் பேசுகிறார். உங்களுக்கு வியர்ப்பது அவருக்குத் தெரியாது. விதிப்படி அவருக்குக் கண்ணுக்கும் முழு மதிப்பெண், பதிலுக்கும் முழு மதிப்பெண். உம்மணாமூஞ்சிக்கு அந்தக் கேள்வியில் இரண்டிலும் பூஜ்யம்.

போடுங்கள். என்றாவது ஒருநாள் நீங்கள் மருத்துவமனைக் கட்டிலில் கிடக்கும்போது வாசலில் செருப்புச் சத்தம் கேட்கும். வருவது நீங்கள் தேர்ந்தெடுத்தவர்தான்.