மூச்சில் சொன்ன ஆமாம்

ஸ்வீடனின் வடகோடியில் இருப்பவர்கள் பேச்சில் மகா கஞ்சர்கள். 'ஆமாம்' என்ற ஒரு சொல்லைக்கூட வாய்விட்டுச் செலவழிக்க மாட்டார்கள். உதட்டைக் குவித்து, சூடான காப்பியை உறிஞ்சுவதுபோல மூச்சைச் சட்டென்று உள்ளே இழுத்தால் அதுதான் ஆமாம். கல்யாணத்தன்று பாதிரியார் கேட்டதற்கும் ஹெல்மர் அப்படித்தான் இழுத்தான். அவர் இரண்டாம் தரம் கேட்க வேண்டியதாயிற்று. "போன்லயாவது வாயைத் திறந்து சொல்லு, எனக்கு ஒரு இழவும் கேக்கலை" என்று சிக்னே அன்றிலிருந்து தலைபாடாய் அடித்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

அன்று காலை மாவு பிசையும்போதுதான் ஏலக்காய் டப்பா காலி என்று தெரிந்தது. மறுநாள் மகள் மாலின் கோதன்பர்க்கிலிருந்து வருகிறாள். ஏலக்காய் ரொட்டி இல்லாத வீட்டை அவள் வீடாகவே மதிக்க மாட்டாள். டவுனுக்குப் போயிருந்த புருஷனை சிக்னே போனில் பிடித்தாள்.

"எங்க இருக்கே?"

"கிளம்பிட்டேன். மெயின் ரோடு ஏறப் போறேன்."

"ஏறாதே. ரயில் பாலத்து ரோடு வழியா வா. அங்க கடையில ஏலக்காய் வாங்கிக்கோ."

"அது சுத்து வழி. ஏலக்காய் இல்லாம ரொட்டி வேகாதா?"

"வேகும். உன் மகதான் மூக்கைச் சுளிப்பா. வர்றியா அந்த வழியா?"

பதில் இல்லை.

"ஹெல்மர்? சரியான முசுடு" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

இரும்புத் தாது ஏற்றிய ரயில் போகும்போதெல்லாம் அவள் அலமாரியில் கோப்பைகள் கிணுகிணுக்கும். பழகிப்போன சத்தம். அன்று ரொட்டி மாவை மூடிவைத்துக் காத்திருந்தபோது கோப்பைகள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. பிறகு மலையையே சரித்துக் கொட்டினாற்போல ஒரு சத்தம். அப்புறம் ஒன்றுமே இல்லை. ஹெல்மரைக் கூப்பிட்டுப் பார்த்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. போனை ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டு, மாவுக் கையோடு பாலத்துக்கு ஓடினாள்.

பாலத்தின் மேல் பெட்டிகள் தடம்புரண்டு ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. மூன்று பெட்டிகள் பக்கச் சுவரை உடைத்துக்கொண்டு கீழே சாலையில் விழுந்திருந்தன. கறுப்புத் தாது சாலையை மூடிக் குன்றாகக் கிடந்தது. அடியில் ஒரு கார் இருப்பதாகக் கூட்டத்தில் யாரோ சொன்னார்கள்.

அவன்தான் பதிலே சொல்லவில்லையே. சிக்னே அதையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். கோபித்துக்கொண்டு மெயின் ரோட்டிலேயே போயிருப்பான். போனை வழக்கம்போலக் கோட்டுக்குள் போட்டு மறந்திருப்பான். ஏலக்காய் நாசமாய்ப் போகட்டும். சாகிறவரைக்கும் அவன் முசுடாகவே இருந்துவிட்டுப் போகட்டும், அவள் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள்.

தாதுக் குவியலிலிருந்து இங்வார் இறங்கி வந்தான். ஹெல்மரோடு வேட்டைக்குப் போகிறவன், ஊர்த் தீயணைப்புப் படையிலும் இருப்பவன். ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான். அது அவளுக்குப் பிடிக்கவில்லை.

"யாரோட கார், இங்வார்?"

அவன் தன் பூட்ஸைப் பார்த்தான்.

"எங்க பச்சைக் காரா?"

இங்வார் உதட்டைக் குவித்து மூச்சை உள்ளே இழுத்தான்.

"வாயைத் திறந்து சொல்லுடா."

அவனால் முடியவில்லை. மறுபடியும் இழுத்தான். இந்தத் தடவை அது பாதியில் விம்மலாக உடைந்தது.

"உயிர் இருக்கா?"

அவன் தலையை மட்டும் அசைத்தான், இல்லையென்று.

"கடைக்குப் போயிட்டா வந்தான்?"

"சீட்டுல ஏலக்காய் பாக்கெட் கிடந்துச்சு, சிக்னே. ரெண்டு பாக்கெட்."

ஆக, அவன் பதில் சொல்லித்தான் இருக்கிறான். அவன் பாணியில் சொல்லியிருக்கிறான். அதற்குப் போய் முசுடு என்றாளே. சுற்று வழி என்று சொன்னவனை அந்த வழியாக வரவைத்ததும் அவள்தானே. கையில் மாவு காய்ந்து தோலை இழுத்தது.

ஏப்ரன் பையில் போன் அடித்தது. மாலின்.

"அம்மா, நம்ம ஊர் பாலத்துல ரயில் விழுந்துடுச்சாமே, ரேடியோவுல சொல்றாங்க. அப்பா போனை எடுக்கலை. அந்த வழியாவா போனாரு?"

சிக்னே வாயைத் திறந்தாள். சொல்லை எப்படியாவது வெளியே தள்ளப் பார்த்தாள். மூச்சுதான் உள்ளே போயிற்று.

"அம்மா? ஒண்ணும் கேக்கலை. லைன்ல இருக்கியா?"

சிக்னே மறுபடியும் மூச்சை இழுத்தாள்.