பேண்டேஜ் குடோனுக்குள் நுழைந்த மூக்கு

1996 ஜூன், ஞாயிறு.

அக்கா ஜரீனாவுக்கு இன்று நிக்காஹ் முடிந்தது. ராஜபாளையத்தில் எங்கள் வீட்டிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் மாமியார் வீட்டுக்கு அவளை அழைத்துப்போக, மாப்பிள்ளை வேலை பார்க்கும் மில்லின் முதலாளி தன் வெளிநாட்டு வண்டியைக் கொடுத்திருந்தார். ஜீப்பின் உயரம், உள்ளே சோபா மாதிரி இருக்கை, ஏசி.

எங்கள் முட்டுச்சந்துக்குள் அது வருமா என்று போன வாரம் கேட்டார்கள். வரும், வாசலிலேயே திரும்பும் என்று சொன்னவன் நான். மாலை வகுப்பில் ஆட்டோமொபைல் படிக்கிறேன். திரும்பும் வட்டத்தைக் கணக்குப் போட்டு, வாசலில் சாக்பீஸால் வரைந்தும் பார்த்தேன். சரியாக வந்தது. எதுவும் சரியாக வந்தால் எனக்குச் சந்தேகம் வரும். இதில் ஏனோ வரவில்லை.

அக்காவுக்குச் சிறுவயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிவிட்டது. சந்து நெடுக எல்லோரும் பார்க்க நடக்கக் கூடாது, வாசலிலேயே ஏறிவிட வேண்டும் என்று அது ஒன்றைத்தான் கேட்டிருந்தாள்.

வண்டி வந்தது. டிரைவர் காசிராஜன் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தார். முன்னால், பின்னால், மறுபடி முன்னால். ஒவ்வொரு முறையும் எதிர் குடோன் கதவை முட்டப் பார்த்தது.

"சாதா ஜீப்புன்னா இந்நேரம் திரும்பிருக்கும் தம்பி. இது நீளம். சக்கரமும் அம்புட்டு ஒடியாது."

அப்போதுதான் உறைத்தது. நான் வரைந்தது சக்கரம் போகும் வட்டம். சக்கரத்துக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் மூக்கு அதைவிடப் பெரிய வட்டம் போடும்.

"ரிவர்ஸ்லயே போயிரலாமா அண்ணே?"

"வளைவுல ரெண்டு பக்கமும் சாக்கடை. முதலாளி வண்டி. நான் மாட்டேன்பா."

மாப்பிள்ளையின் பெரியம்மா அப்ரோஸ் பேகம், "பொண்ணு ரோடு வரைக்கும் நடந்து வரட்டுமே, வேற வண்டி பிடிச்சுக்கலாம்" என்றார். வீட்டு ஜன்னலிலிருந்து அக்கா என்னைப் பார்த்தாள்.

குடோன் ராஜரத்தினம் அண்ணாச்சியுடையது. பேண்டேஜ் துணியைப் பேல்களாக, பெரிய மூட்டைகளாகக் கட்டி அடுக்கி வைத்திருப்பார். எங்கள் பந்தல் அவருடைய லோடு வண்டியை மறிக்கிறதென்று நேற்றுத்தான் அத்தாவோடு சண்டை போட்டிருந்தார். எந்த முகத்தோடு கேட்பது என்று நின்றேன். அவரே வந்து குனிந்து டயரைப் பார்த்தார்.

"ஏலே, இன்னும் எம்புட்டு வேணும்?"

"மூணடி அண்ணாச்சி." வாய் கூசியது. "நாலுன்னு வச்சுக்கிடுங்க."

"நல்லா படிச்சே போ. கதவைத் தொறக்கேன், பேலை நகத்துங்க."

மாப்பிள்ளை மாலையைக் கழற்றி அத்தா கையில் கொடுத்துவிட்டு முதல் பேலைப் பிடித்தார். புதுச்சட்டை முழுக்கப் பஞ்சு.

"மாப்ள, இன்னைக்கே மூட்டை தூக்க விட்டுட்டான் பாரு ஒம் மச்சினன்" என்றார் அண்ணாச்சி. பெரியம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

நாலடி போதவில்லை. ஆறடி ஒதுக்கினோம். வண்டி மூக்கைக் குடோனுக்குள் நுழைத்து, பின்வாங்கி, சந்தின் வாய் பார்த்து நின்றது.

அத்தா அண்ணாச்சியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"விடுங்க பாய். பொண்ணைப் பாருங்க."

அக்கா வாசலில் இறங்கினாள். வண்டியின் கைப்பிடியைப் பற்றி, மாப்பிள்ளையின் தோளில் ஊன்றி ஏறினாள். வண்டி நேராகப் போனது.

பேல்களைத் திரும்ப அடுக்கினேன். அண்ணாச்சி வேண்டாமென்று சொல்லவில்லை. அதற்கும் சேர்த்து அவருக்கு நன்றி. சும்மா நின்றிருந்தால் அழுதிருப்பேன்.