கோணக் கோப்பை

பண்டாரவளை பஸ் நிலையத்துக்கு மேலே, ஒரு காலத்தில் கராஜாக இருந்த கட்டடத்தில் நடக்கும் களிமண் வகுப்புக்கு யார் வேண்டுமானாலும் வரலாம். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பாக்கியலெட்சுமி வந்தாள். கடைவீதிப் புடைவைக்கடை முஸ்தாக்கின் மனைவி றின்ஸாவும் வந்தாள். சக்கரங்கள் போதாமல் இருவரும் ஒன்றில் மாறி மாறி உட்காரப் போய்ச் சிநேகிதமானார்கள். ஒருத்தி வனைந்தால் மற்றவள் ஈரத்துணி பிழிந்து கொடுப்பாள். மூத்தவள் என்பதால் றின்ஸா பாக்கியத்தை அக்கா என்பாள்.

சக்கரம் இரைகிறபோது பக்கத்தில் பேசுவது அடுத்தவருக்குக் கேட்காது. அந்தத் தைரியத்தில்தான் ஒருநாள் றின்ஸா, தனக்கு மூன்று தரம் கரு கலைந்ததைச் சொன்னாள். முதலாவது புருஷனுக்கு மட்டும் தெரியும். மற்ற இரண்டும் அவனுக்கும் தெரியாது. வீட்டுக்கு இன்னொரு மாடி கட்டி முடிகிறவரை பிள்ளை வேண்டாமென்று இருக்கிறோம் என்று மாமியாரிடம் சொல்லி வைத்திருந்தாள். பாக்கியம் அதை யாரிடமும் மூச்சுவிடவில்லை.

சனிக்கிழமைகளில் விஜேந்திரன் மாஸ்டர் போட்டி வைப்பார். கண்ணைக் கட்டிக்கொண்டு சட்டி வனைய வேண்டும். ஒரு கையால் மூடி செய்ய வேண்டும். தோற்றவர் எல்லாச் சக்கரங்களையும் கழுவிவிட்டுத்தான் வீட்டுக்குப் போகலாம்.

மார்கழிக் குளிரில் ஒருநாள் பாக்கியம் எழும்பியபோது வாயின் இடப்பக்கம் கீழே இழுத்திருந்தது. முகவாதம் என்றார் டாக்டர். சரியாகலாம், ஆகாமலும் போகலாம் என்றார். குடிக்கிற தேத்தண்ணி ஓரமாக வழிந்தது. மடுவத்துப் பிள்ளைகள் அவளைக் கண்டு மிரண்டு அழுதன. களிமண் வகுப்பில் மட்டும் யாரும் எதுவும் கேட்கவில்லை. அங்கே போய் உட்கார்ந்தால்தான் அவளுக்கு முகம் மறந்தது.

அந்த மாதம் மாஸ்டர் புதுப் போட்டி ஒன்று வைத்தார். கூடத்தில் உள்ள ஒருவரை நினைத்துக் கோப்பை செய்ய வேண்டும். கண், மூக்கு வைக்கக்கூடாது. மற்றவர்கள் பார்த்து ஆளைச் சொல்ல வேண்டும். பேக்கரிக்கார இன்பாஸ் தொந்தி வைத்த கோப்பை ஒன்றைச் செய்து மாஸ்டரைச் சிரிக்க வைத்தான். பிறகு றின்ஸா தன்னுடையதை வைத்தாள். வடிவான கோப்பைதான். விளிம்பு மட்டும் இடப்பக்கம் இழுபட்டுச் சரிந்திருந்தது.

யோசிக்கவே தேவைப்படவில்லை. நாலைந்து பேர் ஒன்றாகவே பாக்கியத்தின் பேரைச் சொன்னார்கள். கூடம் சிரித்தது. பாக்கியமும் சிரித்தாள். சிரிக்கச் சிரிக்க வாய் இன்னும் கோணியது. அதைப் பார்த்துச் சிரிப்பு இன்னும் கூடியது.

"கோவமாக்கா? வெளயாட்டுக்குத்தானே செஞ்சேன்," என்றாள் றின்ஸா, வெளியே வரும்போது.

கோபமில்லை என்றாள் பாக்கியம். அன்றைக்கு அது பாதி உண்மையாகவும் இருந்தது.

அந்தக் கோப்பையை எல்ல என்ற ஊர்ப் பக்கத்து ஹோட்டல்காரி ஒருத்தி பார்த்துவிட்டாள். வெளிநாட்டுக்காரர்களுக்குப் பிடிக்கும், அதே மாதிரி நிறைய வேண்டும் என்றாள். வகுப்பிலேயே கை நிதானமுள்ளவள் பாக்கியம்தான் என்று மாஸ்டர் வேலையை அவளிடம் கொடுத்தார். யாருடைய வாய் என்று அவர்களுக்கா தெரியப் போகிறது என்று சமாதானமும் சொன்னார். அவள் மறுக்கவில்லை. வாரக் கணக்கில் தன் வாயையே வனைந்தாள். பலகைகளில் அவை வரிசையாகக் காய்ந்தன. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் றின்ஸா ஒரு கோப்பையைத் தட்டி, "அக்கா, சொகமா ஈக்கிறீங்களா?" என்று அதனிடம் கேட்பாள். ஒவ்வொரு முறையும் யாராவது சிரிப்பார்கள்.

அந்தப் போட்டியை இன்னொரு தரம் வைக்கச் சொல்லிக் கேட்டவள் பாக்கியம்தான். இந்தமுறை சூளையில் சுட்டெடுத்துக் காட்டுவோம் என்றாள். அதற்குள் முஸ்தாக்கின் தங்கை ஜுமானாவும் வகுப்பில் சேர்ந்திருந்தாள்.

பாக்கியம் கொண்டுவந்தது ஒரு சிறிய குடம். வயிறு உருண்டு, கழுத்து ஒடுங்கியிருந்தது. அவள் கையிலிருந்து அதுவரை அப்படியொன்று வந்ததில்லை. எல்லாரும் தடவிப் பார்த்தார்கள். அவள் அதில் தண்ணீர் ஊற்றினாள். அடியிலிருந்த துளை வழியாகத் தண்ணீர் மேசையெல்லாம் ஓடியது. குடம் காலியானதும் மறுபடி ஊற்றினாள். அதுவும் ஓடியது. மூன்றாம் தரமும் ஊற்றினாள்.

யாருக்கும் புரியவில்லை. தன் வாயில் ரகசியம் தங்காது, அந்தக் குடம் தன்னைத்தான் குறிக்கும் என்றான் இன்பாஸ். இல்லை என்று தலையாட்டினாள் பாக்கியம். றின்ஸா ஒருத்திக்கு மட்டும் புரிந்தால் போதும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். ஆனால் ஜுமானா மேசையை ஒட்டி உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டுத்தான் தண்ணீரையும் ஊற்றினாள்.

"அது நாந்தான்," என்றாள் றின்ஸா.

"நீங்களா? ஏன் மதினி?" என்று கேட்டாள் ஜுமானா.

"மூணு தரம் ஊத்தினாங்கதானே. ஒண்ணும் நிக்கல்லதானே."

ஜுமானாவின் முகம் மெல்ல மாறியது. மேசையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பாக்கியத்துக்கு உள்ளே ஒரு குளிர்ச்சி இறங்கியது. பல வாரங்களுக்குப் பிறகு அவள் நிம்மதியாக மூச்சுவிட்டாள். றின்ஸா கையைக் கழுவி, முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு வெளியேறும்வரைதான் அந்த நிம்மதி இருந்தது.

அதற்குப் பிறகு றின்ஸா வரவில்லை. ஜுமானா றின்ஸாவின் சாமான்களை எடுக்க வந்தபோது மாஸ்டரிடம் சொன்னதை வைத்துத்தான் மற்றவர்களுக்கு விஷயம் தெரிந்தது. கலைந்ததில் இரண்டைத் தன்னிடம் மறைத்தாள் என்று முஸ்தாக் மனைவியோடு பேசுவதை விட்டுவிட்டான். மாமியார் அவளை வைத்தியர் வைத்தியராகக் கூட்டிக்கொண்டு அலைகிறாள். வேறெங்கும் அனுப்புவதில்லை.

பாக்கியம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போனாள். முஸ்தாக் துணி மடித்துக்கொண்டிருந்தான். யாரென்று தெரிந்ததும் கடைக்கு மேலே இருந்த வீட்டுக்குப் போகச் சொல்லிக் கையைக் காட்டினான். மாடிப்படியில் மாமியார் எதிர்ப்பட்டாள். களிமண் வகுப்பிலிருந்து வருவதாகப் பாக்கியம் சொன்னதும் நின்றுவிட்டாள்.

"அந்த ஈர மண்ணுல குந்திக் குந்தி ஈந்தா புள்ள எப்பிடி நிக்கும்?" என்றாள். அவளைப் பொறுத்தவரை குற்றம் மண்ணுடையது.

றின்ஸா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். மெலிந்திருந்தாள். மாமியார் உள்ளே போகும்வரை காத்திருந்து பாக்கியம் சொன்னாள்:

"நான் பெரிய பாவம் பண்ணிட்டேன் றின்ஸா."

"நீங்க பொய்யா ஒண்ணும் செய்யல்லியே அக்கா. உள்ளதத்தான் செஞ்சீங்க. நானும் அப்பிடித்தானே செஞ்சேன்."

குரலில் கோபமில்லை. வந்திருப்பவள் உனக்கு யார் என்று உள்ளேயிருந்து மாமியார் கேட்டாள். தெரிஞ்ச ஒராள், இப்ப போயிடுவாங்க என்று சொல்லிவிட்டு றின்ஸாவும் உள்ளே போனாள்.

திரும்பி வருவாள் என்று பாக்கியம் கொஞ்ச நேரம் இருந்தாள். தேத்தண்ணியைத் தொடாமல் போனால் அதற்கும் றின்ஸாவைத்தான் குற்றம் சொல்வார்கள் என்று தோன்றியது. கைக்குட்டையை வாயோரத்தில் பிடித்துக்கொண்டு முழுவதையும் குடித்தாள். கீழே இறங்கியபோது முஸ்தாக் தலை நிமிரவில்லை.