தொங்கு மாடி

கட்டடத்தை இடித்து முடித்த பிறகும் அதன் முதல் மாடித் தரை மட்டும் விழவில்லை. ஸ்கூட்டர் உதிரிபாகக் கடை இருந்த இடத்தில் செங்கல் குவிந்து கிடந்தது. அதற்கு மேலே, வெறும் காற்றில், பிளாஸ்டிக் நாற்காலிகளும் ஒற்றை விளக்கும் நாடகம் பார்க்க வந்தவர்களும் அப்படியே இருந்தார்கள். நாடகக் குழு கடைசிக் காட்சியை முடித்து மாலையில் காலி செய்வதாகப் பேச்சு. மேஸ்திரி மதியமே இயந்திரத்தோடு வந்துவிட்டார். காட்சிக்காக ஜன்னல்களில் கறுப்புத் துணி அடித்திருந்ததைப் பார்த்து, மாடி காலியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

நாடகத்தில் இரண்டே பேர். வீட்டை விட்டுப் பையோடு கிளம்பிய ஒருத்தி, சாக்கடையும் டீசல் புகையுமான கடைவீதியில், மூடிய கடையொன்றின் படியில் உட்கார்ந்திருக்கிறாள். மூட்டை இறக்கிவிட்டு வரும் ஒருவன் பக்கத்தில் வந்து உட்காருகிறான். முன்பின் தெரியாத இருவரும் சொந்தக்காரர்களிடம் சொல்லாததையெல்லாம் பேசுகிறார்கள். கடைசியில் அவள் எழுந்து, “நான் வீட்டுக்கே போறேன்” என்பாள். விளக்கு அணையும். அவளாக நடித்தவள் ஏற்றுமதி கம்பெனியில் சட்டைக் காலர் தைப்பவள். குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொண்டே வேலை செய்து பழகிய வாய். ஆனாலும் அந்த வரி வரும்போது ஊசியை விழுங்குவதுபோல இருக்கும். அந்தக் குழுவில் ஒரு கட்டுப்பாடு உண்டு. நடிப்பவர் பாதியில் நின்றால் யாரும் அடியெடுத்துக் கொடுக்கக் கூடாது. அவராகச் சொல்லும்வரை எல்லோரும் காத்திருக்க வேண்டும். தூணில் இயந்திரத்தின் முதல் இடி விழுந்தபோது அவள் சரியாக அந்த வரிக்கு வந்திருந்தாள். வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். சுவர்கள் போயின. எல்லோரும் காத்திருந்தார்கள், தரையும் காத்திருந்தது.

ஏணி வைத்துப் பார்வையாளர்களை இறக்கினார்கள். மூட்டைக்காரனாக நடித்தவன், மறுநாள் வேலை இருக்கிறது என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டு இறங்கினான். அவள் இறங்கவில்லை. வரியைச் சொன்னால் தரை விழும் என்று கீழே இருந்தவர்கள் பயந்தார்கள். சொன்னால் அது உண்மையாகிவிடும் என்பதுதான் அவள் பயம். யோசித்துப் பார்த்தால், வீட்டில் இத்தனை வருடம் அவள் பேசியதெல்லாம் பதில்களே. நாடகத்துக்காகப் போட்ட இந்தப் படியில்தான் ஒருவனிடம் முதல்முறையாக ஒரு கேள்வி கேட்டிருந்தாள்.

நாடகத்தை எழுதி இயக்கிய வாத்தியாருக்கு மட்டும் அது முடிந்தால் போதும். கீழிருந்து கெஞ்சினார். “ஒரே ஒரு வரிம்மா. சொல்லிட்டா எல்லாரும் வீட்டுக்குப் போகலாம்.”

“எழுதினது நீங்கதானே சார். நீங்க போங்க.”

நாத்தனார் வந்து, அண்ணன் சரியாகச் சாப்பிடுவதில்லை, பார்க்கவே பரிதாபமாக இருக்கிறது என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“அடுப்பு எங்க இருக்குன்னு உங்கண்ணனுக்குக் காட்டிக் குடு,” என்றாள் மேலிருந்தவள்.

மாநகராட்சிப் பொறியாளர் வந்து அளந்தார். தூணில்லாமல் இந்தத் தரை நிற்க முடியாது என்று சான்றளித்துவிட்டு, அதே தரையில் நடந்துபோய் ஏணி வழியாக இறங்கினார். கட்டடத்தின் சொந்தக்காரர் வழக்குப் போட்டார், அலைந்தார், அலுத்தார். பிறகு கூரைச் செலவு மிச்சம் என்று அதன் அடியிலேயே மூன்று கடைகளைக் கட்டி, பக்கவாட்டில் இரும்புப் படிக்கட்டும் போட்டார். தையல் இயந்திரம் மேலே ஏறியது. பகலில் காலர், மாலையில் நாடகம். மூட்டைக்காரன் இடம் காலியாக இருந்ததால் யார் யாரோ அதில் வந்து உட்கார்ந்தார்கள்: டயர் கடை முதலாளி, வேலை போன காவலாளி, பையோடு வந்த பெண்கள். அந்தப் பெண்களில் சிலர் பேசி முடித்து வீட்டுக்குத் திரும்பினார்கள். சிலர் வேறு பேருந்து ஏறினார்கள். அவள் யாரையும் போ என்றோ இரு என்றோ சொல்லவில்லை. நடத்துனர்கள் “தொங்கு மாடி எறங்கு” என்று கூவினார்கள்; இறங்கியவர்கள் அண்ணாந்துகூடப் பார்க்காமல் தங்கள் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

சில வருடங்கள் கழித்து ஒரு மாலை அவள் புருஷன் இரும்புப் படிக்கட்டேறி வந்தார். நேராக வந்து பக்கத்தில் உட்காரப் போனார்.

“வரிசை இருக்குங்க,” என்றாள்.

“நான் உன் புருஷன்.”

“இந்தப் படியில யாருக்கும் யாரும் எதுவும் இல்ல. வரிசைல வாங்க.”

அவர் செருப்புக் காலால் தரையை ஒருமுறை அழுத்திப் பார்த்தார். அது அசையவில்லை. போய்க் கடைசியில் நின்றுகொண்டார். முன்னால் நின்ற பழக்காரர் திரும்பி, முதல் தடவையா என்று விசாரித்தார். ஆமாம் என்றார் அவர். சற்றுப் பொறுத்து, பழக்காரர் மேற்கொண்டு எதுவும் கேட்காமலே, புருஷன் தன் வீட்டைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். வரிசை மெதுவாக நகர்ந்தது.