அமுதம் தூங்குகிறாளா?

"தாலிய நீதான்டி எடுத்துக் குடுக்கணும்" என்று மாமியார் கோகிலாம்பாள் சொன்னபோது, அமுதம் கணவனுக்குக் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள்.

கரண்டி பாதியில் நின்றது. கனகராஜ் தட்டைவிட்டுத் தலையைத் தூக்கவில்லை. வில்லியனூர் கடைத்தெருவில் மளிகைக்கடை வைத்திருந்த அவனுக்கு எந்தப் பேச்சையும் அம்மாதான் தொடங்கவேண்டும், அம்மாதான் முடிக்கவேண்டும்.

"சோரியாங்குப்பத்துல எங்க அண்ணன் பொண்ணு ஜெயாவ இவனுக்குப் பேசி முடிச்சாச்சு. தையில முகூர்த்தம். மூத்தவ கையால தாலி எடுத்துக் குடுத்தா ஊர்ல ஒருத்தன் வாயத் தெறக்கமாட்டான். இல்லேன்னா கேஸு, கோர்ட்டுன்னு எவனாவது கெளப்பிவுடுவான்."

"நான் இன்னா தப்பு பண்ணேன் அத்தை?"

"நாலு வருசமா வயித்துல ஒண்ணுமில்ல. அந்த அரைக்கண்ணு வந்ததுலேர்ந்து இந்த வூட்டுல எதுதான் வெளங்குச்சு? மோவாயத் தூக்கிகினு பேசாத. கொழம்ப ஊத்து."

மோவாயைத் தூக்காமல் அவளால் எதிரே இருப்பவர் முகத்தைப் பார்க்க முடியாது. பிறவியிலேயே அவளுடைய இடது இமை பாதிக் கண்ணை மூடிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே எட்டிப் பார்க்க, சின்ன வயதிலிருந்தே தலையைப் பின்னால் சாய்த்துப் பழகிவிட்டாள். சாயங்காலம் ஆனால் பிடரி தெறிக்கும். அந்தச் சாய்ப்பைத்தான் தெருவில் திமிர் என்றார்கள். வெள்ளிக்கிழமைகளில் கடை திறக்கும் நேரத்தில் அந்தப் பீடைக் கண்ணோடு வாசல் பக்கம் வரக்கூடாது என்று அவளுக்குச் சொல்லியிருந்தது. அவளுடைய அப்பா பச்சையப்பன் குருவிநத்தத்தில் கரும்பு வைத்திருப்பவர். கண் குறைக்கு ஈடாக ஆற்றோரத்து அரைக்காணி நிலத்தைத் தனியே மாப்பிள்ளை பேருக்கு எழுதிக்கொடுத்துத்தான் பெண்ணை அனுப்பினார். நிலம் மட்டும் அந்த வீட்டில் பீடை ஆகவில்லை. வருசா வருசம் கரும்பு வெட்டும்போது கோகிலாம்பாளே குடையோடு போய் வரப்பில் நின்றுவிட்டு வருவாள்.

அமுதம் குழம்பை ஊற்றி முடித்தாள். உள்ளே ஏதோ ஒன்று அடுப்புக்கரி போல நிதானமாகக் கனியத் தொடங்கியிருந்தது.

"எடுத்துக் குடுக்கறேன் அத்தை" என்றாள். "ஆனா அத்தனை பேர் முன்னாடி இந்தக் கண்ணோட நின்னா ஒங்களுக்குத்தான் அசிங்கம். பட்டணத்து ஆஸ்பத்திரில இமைய தூக்கி வைக்கிறாங்களாம். ஆப்பரேசன் பண்ணிகினு வந்து நிக்கறேன்."

கோகிலாம்பாள் யோசித்தாள். கல்யாணச் சபையில் அரைக்கண் நிற்பது அவளுக்கும் உறுத்தத்தான் செய்தது. "செலவு ஒங்க அப்பன்து" என்றாள்.

புதுச்சேரி ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவள் புருவத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு மேலே பார், கீழே பார் என்றார். பக்கத்துக் கட்டிலில் ஒரு பெரியவர். வயதாகி இமைத்தோல் தொங்கிப் பார்வையை மறைக்கிறது என்று வந்திருந்தார். அதற்கடுத்து, பெண் பார்க்க வருகிறார்கள் என்று அழைத்து வந்த ஒரு சின்னப் பெண்.

"நீ எதுக்கும்மா பண்ணிக்கற? அழகுக்கா, பார்வைக்கா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"சில பேர் மூஞ்சிய நேராப் பாக்கணும்" என்றாள் அமுதம்.

இமையைத் தூக்கும் தசை பிறவியிலேயே சோடையாக இருக்கிறது, தொடையிலிருந்து ஒரு நார்ப்பட்டையை எடுத்து இமையையும் புருவத்தையும் உள்ளுக்குள் இணைத்துவிடுவேன், அப்புறம் புருவத்தைத் தூக்கினால் இமையும் கூடவே எழும் என்று டாக்டரம்மா விளக்கினார்.

கட்டுப் பிரித்த அன்று கண் வீங்கி, சுற்றிலும் நாவல்பழ நிறத்தில் கன்றியிருந்தது. தொடைக் காயம் நடக்கும்போது சுண்டி இழுத்தது. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா, அமுதத்தின் அம்மா காசம்மாளையும் நிற்கவைத்துச் சொன்னார். "ஐஸ் தண்ணில நனைச்ச துணிய மெதுவா ஒத்தணும். தேய்க்கக் கூடாது. ரெண்டு தலகாணி வச்சுப் படுக்கணும். அடுப்புப் புகைகிட்ட போகவே கூடாது, வெளில போனா கறுப்புக் கண்ணாடி. முக்கியமா ஒண்ணு. தூங்கும்போது அந்தக் கண்ணு முழுசா மூடாது. இப்படிப் பண்ணவங்களுக்கு அது சகஜம், பயப்படாதீங்க. ஆனா கண்ணு காய்ஞ்சா புண்ணாயிடும். பகல்ல சொட்டு மருந்து, படுக்கும்போது களிம்பு. ஒருநாள்கூட விடக்கூடாது. மாசம் போகப் போக மூட ஆரம்பிக்கும்."

குருவிநத்தத்தில் அம்மா வீட்டில் அமுதம் எல்லாவற்றையும் சொன்னபடி செய்தாள். அவளுக்கு உடம்பு தேறுவது அவசரமாக இருந்தது. வீக்கம் வடிந்தது, கன்றல் மஞ்சளாகி மறைந்தது. ஒரு காலையில் கண்ணாடிக்கு முன்னால் மோவாயைத் தாழ்த்தி நின்றாள். இரண்டு கண்களும் நேரே அவளைப் பார்த்தன. அழுகை வரும் என்று நினைத்திருந்தாள். வரவில்லை.

அன்று மதியம் தூங்கி எழுந்தபோது அம்மா எதிரே மிரண்டுபோய் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாம்மா?"

"டாக்டரம்மா சொன்னாங்கதான். ஆனாலும் பாக்க பயமா இருக்குடி. நீ தூங்கற, அந்தக் கண்ணு மட்டும் என்னையே பாக்குது."

அமுதம் சிரித்தாள். கல்யாணமாகிப் போனதிலிருந்து அவள் அப்படிச் சிரித்து காசம்மாள் பார்த்ததில்லை. "வில்லியனூர்ல யார்கிட்டயும் இத சொல்லாத" என்றாள்.

வில்லியனூருக்குத் திரும்பியபோது தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. கோகிலாம்பாள் மட்டும் இரண்டு கண்ணையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "பரவால்ல, சபையில நிக்கலாம்" என்றாள்.

மதியம் கடையைச் சாத்திவிட்டு கனகராஜ் சாப்பிட வருவான். அப்புறம் வீடே கொஞ்சம் கண்ணயரும். வந்த வாரத்திலேயே ஒருநாள், அமுதம் களிம்பு போட்டுக்கொண்டு கூடத்து மூலையில் படுத்து நிஜமாகவே தூங்கிப்போனாள். வெண்கலச் சொம்பு தரையில் உருளும் சத்தத்தில்தான் விழித்தாள்.

எதிரே மாமியாரும் கணவனும் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தார்கள். கோகிலாம்பாளின் வாயில் வெற்றிலை மெல்லாமல் கிடந்தது.

"முழிச்சிகினா இருந்த?" என்றாள்.

அமுதத்துக்கு ஒரு நொடியில் புரிந்தது. அவர்கள் என்ன பேசினார்கள் என்று அவளுக்கு ஒரு சொல்கூடத் தெரியாது. மெதுவாக எழுந்து உட்கார்ந்தாள். தலையைச் சாய்க்காமல், நேராக மாமியார் முகத்தைப் பார்த்தாள்.

"எல்லாம் கேட்டேன்" என்றாள்.

"நானா சொன்னேன்? எங்க அண்ணன்தான் கேக்கறாரு" என்று கோகிலாம்பாள் தானாகவே கொட்டினாள். "தாலி எடுத்துக் குடுத்த கையோட ஒன்ன குருவிநத்தத்துக்கு அனுப்பிடணுமாம். ஒரே வூட்டுல ரெண்டு பேர் வேணாங்கறாரு. நெலத்தப் பத்திப் பேசுனது இவன்தான். நான் இல்ல."

"அம்மா" என்றான் கனகராஜ்.

"நீதானடா சொன்ன, அவ போனாலும் நெலம் எம் பேர்ல இருக்குதுன்னு."

அமுதம் சொம்பை எடுத்து நிமிர்த்தி வைத்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டாள், இந்த முறை அவர்களைப் பார்த்தபடி.

அதற்குப்பின் அந்த வீட்டில் பேச்சு செத்துப்போனது. அவள் தூங்குகிறாளா, விழித்திருக்கிறாளா என்று யாருக்கும் தெரியவில்லை. கோகிலாம்பாள் கதவோரமாக வந்து எட்டிப் பார்ப்பாள். வெள்ளை விழி கதவைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஒருநாள் வாசல்படியில் எலுமிச்சம்பழம் கட்டினாள். இன்னொரு நாள் திருநீறு மந்திரித்து வந்து மருமகள் தலையணைக்கு அடியில் வைத்தாள். அமுதம் அதை எடுத்து மாமியாரின் தலையணைக்கு அடியில் வைத்தாள். கனகராஜ் கடையிலேயே அரிசி மூட்டைகள்மேல் துண்டை விரித்துப் படுக்க ஆரம்பித்தான்.

பயத்தை மனசுக்குள் வைத்துக்கொள்ளத் தெரியாதவள் கோகிலாம்பாள். சோரியாங்குப்பத்துக்குப் போய் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதாள். அவர் "தூங்காத கண்ணு இருக்கற வூட்டுக்கு எம் பொண்ண அனுப்பமாட்டேன்" என்று சொல்லிவிட்டார். ஜெயாவுக்கு வேறு இடத்தில் நிச்சயமானது. கல்யாணப் பத்திரிகைகூட வரவில்லை.

சேதி வந்த அன்று கோகிலாம்பாள் மருமகள் எதிரே வந்து உட்கார்ந்தாள். குரலில் பழைய கனம் இல்லை. "நீ கொஞ்ச நாளு ஒங்க அம்மா வூட்டுக்குப் போயிட்டு வாயேன், அமுதம்."

நான்கு வருசத்தில் அவள் வாயிலிருந்து தன் பேரை அமுதம் முதல்முதலாகக் கேட்டாள். அது அவளை இளக்கவில்லை.

"எதுக்கு அத்தை? மூடிகினு இருந்தப்ப பீடைன்னு சொன்னீங்க. இப்ப தெறந்துதான இருக்கு. நல்லா பாருங்க."

கோகிலாம்பாள் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே எழுந்து போனாள்.

மாசி மாதம் அமுதம் கடைசியாக ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தாள். படுக்கச்சொல்லி, கண்ணை மூடச்சொல்லி, டார்ச் அடித்துப் பார்த்த டாக்டரம்மாவுக்கு மகிழ்ச்சி. "நல்லா மூடுதும்மா. சொன்னதெல்லாம் ஒழுங்காச் செஞ்சிருக்க. இனிமே களிம்பு வேணாம். நிம்மதியாத் தூங்கு."

வில்லியனூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாள். காற்று முகத்தில் அடித்தபோது இரண்டு கண்ணையும் இறுக்கி மூடினாள். முழு இருட்டு. பிறந்ததிலிருந்து அவ்வளவு சுகமான இருட்டை அவள் அறிந்ததில்லை.

வாசலிலேயே மாமியார் காத்திருந்தாள். இளைத்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம்.

"டாக்டரு இன்னா சொன்னாங்க? மூடிடுமா?"

அந்தக் கேள்வியில் இருந்த கெஞ்சலை அமுதம் நின்று கேட்டாள். மனசு ஒருகணம் தடுமாறியது. பிறகு அந்த அரைக்காணி நினைவுக்கு வந்தது. அதை எழுதிக்கொடுத்த நாளில் பத்திர ஆபீஸ் படியில் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்த அப்பா நினைவுக்கு வந்தார்.

"மூடாதாம் அத்தை. ஆயுசுக்கும் இப்படித்தானாம்."

அன்று மதியம் கூடத்தில் பாயை விரித்தாள். அடுத்த அறையில் மாமியாரின் பாய் தெரியும்படியாகத் தலையணையைத் திருப்பி வைத்துக்கொண்டு படுத்தாள். வலது கண்ணை மூடினாள். இடது புருவத்தை மெல்லத் தூக்கினாள். நார் இழுத்துக் கொடுத்தது. இமை எழுந்தது.

அடுத்த அறையில் கோகிலாம்பாள் புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் புரண்டாள். அவள் தூங்கவில்லை என்பது தலைப்பு மேலும் கீழுமாக நடுங்கியதில் தெரிந்தது. அவள் முதுகைப் பார்த்தபடி, மூடத் தெரிந்த கண்ணை மூடாமல் அமுதம் படுத்திருந்தாள்.